செனட்டுக்குப் போகாத காகிதம்

1789 ஆகஸ்ட் 22, சனிக்கிழமை. அமெரிக்காவுக்கு அப்போது நிலையான தலைநகரம்கூட அமையவில்லை. புது அரசாங்கம் நியூயார்க்கில் தற்காலிகமாகக் குடியிருந்தது. அங்கே ஃபெடரல் ஹால் என்ற கட்டடத்தின் மாடியில் செனட் கூடியிருந்தது. மாநிலத்துக்கு இரண்டு பேர் வீதம் பதினோரு மாநிலங்களுக்கு மொத்தமே 22 இடங்கள். கதவு திறந்தது. பதவியேற்று நான்கு மாதம்கூட நிறையாத முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் உள்ளே வந்தார். போர்த்துறையைக் கவனித்துவந்த ஹென்றி நாக்ஸ் கையில் காகிதங்களோடு பின்னால் வந்தார். வாஷிங்டன் வந்தது ஒரு யோசனை கேட்பதற்காக. திரும்பும்போது கடுங்கோபத்தில் இருந்தார்.

இரண்டு வருடம் முன்பு ஃபிலடெல்ஃபியாவில் எழுதிய அரசியல் சட்டம், வெளிநாட்டோடு ஒப்பந்தம் போட ஒரே ஒரு வழியைத்தான் வகுத்திருந்தது. அதிபர் செனட்டின் ஆலோசனையையும் சம்மதத்தையும் பெற வேண்டும். அவையில் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஒப்ப வேண்டும். பாதிக்கு மேல் ஒருவர் என்றால் போதாது, மூன்றில் இரண்டு. வாஷிங்டன் எழுத்தை எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும் மனிதர். ஆலோசனை என்று சட்டம் சொன்னால் நேரில் போய்க் கேட்பதுதானே முறை? தெற்கே கிரீக் பழங்குடிகளோடு செய்யவேண்டிய உடன்பாட்டைப் பற்றிய கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு அவரே கிளம்பி வந்துவிட்டார்.

துணை அதிபர் ஜான் ஆடம்ஸ் காகிதத்தை வாசித்தார். தெருவில் போன குதிரை வண்டிகளின் இரைச்சலில் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. ஜன்னல்களைச் சாத்திவிட்டு மறுபடி வாசித்தார்கள். முதல் கேள்விக்கு என்ன பதில் என்று ஆடம்ஸ் கேட்டபோது அவையில் மௌனம். அதிபர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது யார் வாய் திறப்பது? கடைசியில் பென்சில்வேனியாவின் வில்லியம் மெக்லே எழுந்து, பழைய ஒப்பந்தங்களை முதலில் படித்துப் பார்ப்போம் என்றார். இன்னொருவர், எல்லாவற்றையும் ஒரு குழுவிடம் விட்டுவிடலாம் என்றார். வாஷிங்டன் துள்ளி எழுந்தார். தான் நேரில் வந்ததன் நோக்கமே பாழாகிவிட்டதென்று வெடித்தார். மெக்லே நாட்குறிப்பு எழுதும் பழக்கமுள்ளவராக இருந்ததால் அந்தக் கோபம் நமக்குக் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை வாஷிங்டன் மறுபடி வந்து வேலையை முடித்துக்கொண்டார். ஆனால் ஒப்பந்தம் பற்றி யோசனை கேட்க அந்த வாசலை அவர் அதன்பின் மிதிக்கவில்லை. பின்னால் வந்த அதிபர்களும் அந்த வழக்கத்தைத் தொடரவில்லை.

இப்படியாக, சட்டம் எழுதிய மை காய்வதற்குள் ‘ஆலோசனை’ என்ற பாதி செத்துப்போயிற்று. எஞ்சியது ‘சம்மதம்’ என்ற கனத்த கதவு. அந்தச் சட்டத்தில் இன்னொரு விசேஷமும் இருந்தது. ஒப்பந்தம் போடுவது எப்படி என்று எழுதியவர்கள், போட்ட ஒப்பந்தத்தை முறிப்பது யார் என்று எங்கும் எழுதவில்லை. மறந்தார்களோ, வேண்டுமென்றே விட்டார்களோ, அந்த ஒரு மௌனத்தின் விலை தெரிய 190 வருடத்துக்கு மேல் ஆயிற்று.

கனத்த கதவு இருக்கும் வீட்டில் பக்கவாசல் ஒன்று தானாக உண்டாகும். இங்கே அது தபாலில் தொடங்கியது. 1792-ல் காங்கிரஸ் ஒரு சின்னச் சட்டம் போட்டது: அயல்நாட்டுத் தபால் அதிகாரிகளோடு கடிதப் போக்குவரத்து ஏற்பாடுகளை அமெரிக்கத் தபால் தலைவரே பேசி முடித்துக்கொள்ளலாம். கனடாவுக்குப் போகும் கடிதத்துக்கு எவ்வளவு கட்டணம் என்பதற்கெல்லாம் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கைத் திரட்டுவானேன்? யாரும் ஆட்சேபிக்கவில்லை. தபால் பை நுழையும் அளவுக்குச் சுவரில் ஒரு துவாரம் விழுந்தது. அடுத்ததாக அதே துவாரத்தின் வழியே போர்க்கப்பல்களே போயின.

1812-ல் தொடங்கிய பிரிட்டிஷ் போர் முடிந்திருந்தது. கனடா எல்லையில் உள்ள பெரிய ஏரிகளில் இரு தரப்பும் போட்டி போட்டுக் கட்டிய கப்பல்கள் நின்றன. செலவு தாங்கவில்லை. 1817 ஏப்ரலில் பிரிட்டிஷ் தூதர் சார்லஸ் பேகட் ஒரு கடிதம் எழுதினார்; வெளியுறவுப் பொறுப்பிலிருந்த ரிச்சர்ட் ரஷ் பதில் கடிதம் எழுதினார். ஒன்டாரியோ ஏரியில் ஆளுக்கு ஒரு கப்பல், அதுவும் 100 டன்னுக்கு மிகாமல், ஒரே ஒரு பீரங்கியோடு. மேல் ஏரிகளில் இரண்டு. ஷாம்ப்ளைன் ஏரியில் ஒன்று. அவ்வளவுதான். முத்திரையும் இல்லை, விழாவும் இல்லை. ஒரு வருடம் கழித்து அதிபர் மன்றோவுக்கு மனம் உறுத்தியது. இதற்குச் செனட்டின் ஒப்புதல் வேண்டுமோ? 1818 ஏப்ரலில் கடிதங்களை அனுப்பிவைத்தார். செனட்டும் ஒப்பியது. ஆனால் அந்த ஒரு வருடம் முழுக்கக் கப்பல்கள் குறைந்துகொண்டுதான் இருந்தன. செனட்டைக் கேட்காமலே ஒரு காகிதம் வேலை செய்யும் என்பதை வெள்ளை மாளிகை பார்த்துவிட்டது. மன்றோவுக்கு இருந்த மன உறுத்தல் இல்லாத அதிபர் ஒருவர் வரவேண்டியதுதான் பாக்கி.

அவர் வருவதற்குள் செனட்டின் கதவு இன்னும் இறுகியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வெளியுறவு அமைச்சராக வந்த ஜான் ஹே, செனட்டுக்குள் போகும் ஒப்பந்தத்தை மாட்டுச் சண்டைக் களத்துக்குள் போகும் காளையோடு ஒப்பிட்டார். அவர் மனதில் இருந்தது ஸ்பெயின் நாட்டுக் களம். நம் வாடிவாசலில் இறங்கும் காளை மாலையில் வீடு திரும்பும். அந்தக் களத்துக் காளை உயிரோடு திரும்பாது.

1905-ல் டொமினிக்கன் குடியரசு கடனில் மூழ்கிக் கிடந்தது. ஐரோப்பியக் கடன்காரர்கள் போர்க்கப்பலோடு வசூலுக்கு வருவார்கள் என்ற பயம். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஒரு வழி சொன்னார்: அந்த நாட்டின் சுங்கச் சாவடிகளை அமெரிக்க அதிகாரிகள் நடத்துவார்கள், வசூலில் 45 சதவிகிதம் அந்நாட்டு அரசுக்கு, மீதி 55 நியூயார்க் வங்கியில் கடன்காரர்களுக்காக. ஒப்பந்தத்தைச் செனட்டுக்கு அனுப்பினார். மார்ச் மாதம் செனட் வாக்கெடுப்பே நடத்தாமல் கலைந்து போயிற்று. ரூஸ்வெல்ட் காத்திருக்கவில்லை. ‘தற்காலிக ஏற்பாடு’ என்று பெயர் வைத்து, ஏப்ரல் முதலே சுங்கச் சாவடிகளில் ஆட்களை உட்காரவைத்தார். இரண்டு வருடம் ஏற்பாடு ஓடியது. 1907-ல் செனட் ஒருவழியாக ஒப்புக்கொண்டபோது ஒப்புவதற்கு ஏதும் மிச்சமில்லை. எல்லாம் நடந்து முடிந்திருந்தது. துவாரம் இப்போது ஆள் நுழையும் அளவு ஆகிவிட்டது. ஆனாலும் பெரிய காரியங்களுக்குப் பெரிய கதவுதான் என்ற மரியாதை இன்னும் இருந்தது. அந்த மரியாதையை நம்பி ஒருவர் உடலும் மனமும் உடைந்துபோனார்.

உட்ரோ வில்சன் முதல் உலகப் போருக்குப் பின் பாரிஸில் மாதக்கணக்கில் தங்கி வெர்சாய் ஒப்பந்தத்தையும் சர்வதேச சங்கத்தையும் உருவாக்கினார். 1919 ஜூலை 10-ல் தானே செனட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். வெளியுறவுக் குழுத் தலைவர் ஹென்றி கேபட் லாட்ஜ் திருத்தங்களோடு காத்திருந்தார். வில்சன் ஒரு திருத்தத்தையும் ஏற்கமாட்டேன் என்றார். மக்களிடம் முறையிட ரயிலேறி நாடு முழுக்கப் பேசப் போனார். கொலராடோவில் உடல் குலைந்தது. அக்டோபர் 2-ல் பக்கவாதம். 1920 மார்ச் 19 கடைசி வாக்கெடுப்பில் ஆதரவு 49, எதிர்ப்பு 35. எந்தச் சாதாரணச் சபையிலும் அது தெளிவான வெற்றி. இங்கே 56 வேண்டும். ஏழு வாக்கில் அமெரிக்கா தன் அதிபரே பெற்ற குழந்தையைத் தத்துக் கொடுத்துவிட்டது. இதையெல்லாம் வில்சனின் கடற்படை உதவிச் செயலாளராக இருந்த ஓர் இளைஞர் பக்கத்திலிருந்து பார்த்தார். அதே வருடம் துணை அதிபர் தேர்தலில் நின்று, அந்தச் சங்கத்துக்காக ஊர் ஊராகப் பேசி, தோற்றும் போனார். அவர் பெயர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். பட்டதை அவர் மறக்கவில்லை.

1933-ல் அவர் அதிபரானார். ரஷ்யப் புரட்சி நடந்து 16 வருடம். நான்கு அதிபர்கள் சோவியத் அரசை ஓர் அரசாகவே ஒப்புக்கொள்ளவில்லை. நவம்பர் 16 அன்று ரூஸ்வெல்ட்டும் சோவியத் வெளியுறவு அமைச்சர் லித்வினோவும் கடிதங்களைக் கைமாற்றிக்கொண்டார்கள். நான்கு அதிபர்களின் கொள்கை ஒரு கடிதக் கட்டில் தலைகீழானது. செனட்டுக்கு எதுவும் போகவில்லை. இது செல்லுமா?

கேள்வியை எழுப்பியது ஒரு வங்கிக் கணக்கு. புரட்சிக்கு முன்னால் ஒரு ரஷ்ய உலோகக் கம்பெனி, நியூயார்க்கில் ஆகஸ்ட் பெல்மான்ட் என்ற வங்கியாளரிடம் பணம் போட்டிருந்தது. கம்பெனியைச் சோவியத் அரசு நாட்டுடைமையாக்கியது. லித்வினோவ் கடிதம் அந்தப் பணத்தைக் கேட்கும் உரிமையை அமெரிக்க அரசுக்குக் கைமாற்றியது. பெல்மான்ட் தரப்பு தரமுடியாது என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1937-ல் தீர்ப்பு வந்தது: அதிபர் இப்படிச் செய்துகொள்ளும் ஏற்பாட்டுக்குச் செனட்டின் சம்மதம் தேவையில்லை, மாநிலச் சட்டங்கள் அதற்குக் குறுக்கே நிற்கவும் முடியாது. ஒரு தனியார் கணக்கில் கிடந்த பழைய பணம், பக்கவாசலுக்கு நிலையும் கதவும் பூட்டும் வைத்துக் கொடுத்தது. மூன்று வருடம் கழித்து அந்த வாசல் வழியே ஒரு கடற்படையே வெளியேறியது.

1940 மே 15. பிரதமராகி ஐந்தே நாளான சர்ச்சில், 40 அல்லது 50 பழைய நாசகாரிக் கப்பல்களைக் கடனாகத் தரும்படி ரூஸ்வெல்ட்டுக்கு எழுதினார். பிரான்ஸ் சாய்ந்துகொண்டிருந்தது. ரூஸ்வெல்ட்டுக்கோ நவம்பரில் தேர்தல். அமெரிக்காவில் பெரும்பாலோர் போர் வேண்டாம் என்றிருந்த காலம். ஒப்பந்தமாக அனுப்பினால் செனட் விவாதம் முடிவதற்குள் லண்டன் விழுந்துவிடலாம். மூன்று மாதம் இழுத்தது. ஆகஸ்ட் 27-ல் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் ஜாக்சன் ஒரு சட்டக் கருத்தை எழுதிக் கொடுத்தார். வருங்காலத்துக்கான வாக்குறுதி எதுவும் இதில் இல்லை, கொடுத்து வாங்கிக் கைகழுவும் வியாபாரம், ஆகவே செனட் வேண்டாம் என்பது அதன் சாரம். செப்டம்பர் 2-ல் கடிதங்கள் கைமாறின. 50 கப்பல்கள் அந்தப் பக்கம். நியூஃபவுண்ட்லாந்திலிருந்து பிரிட்டிஷ் கயானாவரை ராணுவத் தளங்களுக்கான 99 வருடக் குத்தகை இந்தப் பக்கம். மறுநாள் மேற்கு வர்ஜீனியாவில் ஓடிக்கொண்டிருந்த ரயிலில் வைத்து ரூஸ்வெல்ட் நிருபர்களிடம் செய்தியைச் சொன்னார்.

அது தப்பா? அன்றைய ஐரோப்பாவை நினைத்தால் எனக்குத் தப்பென்று சொல்ல வாய் வரவில்லை. வில்சனின் பெரிய கதவு ஒரு சமாதானத்தைக் கொன்றது. ரூஸ்வெல்ட்டின் பக்கவாசல் ஒரு நாட்டைக் காத்தது. நல்ல காரியத்துக்குத் திறந்த வாசல் என்பதால்தான் அதைத் திரும்பச் சாத்த யாருக்கும் மனம் வரவில்லை. சாத்தப் பார்த்த ஒரே ஒருவரும் ஒரு வாக்கில் தோற்றார்.

அவர் ஒஹையோ செனட்டர் ஜான் பிரிக்கர். யால்டா மாநாட்டில் ரூஸ்வெல்ட் செனட்டைக் கேட்காமல் ஸ்டாலினோடு பேசி முடித்ததில் கொதித்துப்போனவர்களின் தலைவர். அதிபரின் கடிதங்களுக்குக் கடிவாளம் போட அரசியல் சட்டத்தையே திருத்தவேண்டும் என்றார். செனட்டில் பெரும்பாலோர் அவர் பக்கம். அதிபர் ஐசன்ஹோவரோ அவருடைய சொந்தக் கட்சிக்காரர், ஆனாலும் விடாப்பிடியாக எதிர்த்தார். 1954 பிப்ரவரி 26 மாலை, பிரிக்கரின் திருத்தம் தேய்ந்து மெலிந்து வேறொருவர் எழுதிய வடிவில் வாக்குக்கு வந்தது. ஆதரவு 60, எதிர்ப்பு 30. கச்சிதமாக மூன்றில் இரண்டு! எண்ணிக்கை முடியப்போகும் தருணத்தில் மேற்கு வர்ஜீனியாவின் ஹார்லி கில்கோர் அவைக்குள் கொண்டுவரப்பட்டார். வேண்டாம் என்றார். 60-க்கு 31. திருத்தம் செத்தது. நிறைவேறியிருந்தாலும் கீழவையும் மாநிலங்களும் பாக்கி இருந்தன என்பது உண்மைதான். ஆனால் வாசலைச் சாத்த அவ்வளவு கிட்டத்தில் அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. கில்கோர் உட்கார்ந்த அந்த மேற்கு வர்ஜீனிய நாற்காலி இந்தக் கதையில் இன்னொரு முறை வரும்.

அதன்பின் காகிதங்கள் பெருகின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கா பிற நாடுகளோடு செய்துகொண்ட உடன்பாடுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இந்த வழியில் வந்தவை. பெரும்பாலானவை தபால், வரி, விமானம், கோதுமை போன்ற அன்றாடக் காரியங்கள். சில அப்படி அல்ல. 1966 டிசம்பர் 30 அன்று லண்டனில் கைமாறிய கடிதங்கள் கன்னியாகுமரிக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடல் நடுவில், பிரிட்டன் வசமிருந்த டியேகோ கார்சியா தீவை அமெரிக்க ராணுவத்துக்குத் திறந்துவிட்டன. ஒப்பந்தமாகச் செனட்டுக்கு வரவில்லை. பொலாரிஸ் ஏவுகணைக் கணக்கில் பிரிட்டனுக்கு 1.4 கோடி டாலர் தள்ளுபடி செய்தார்கள். அந்தக் கணக்கும் காங்கிரஸுக்குத் தெரியாது. அந்தத் தீவுக்கூட்டத்தில் ஆப்பிரிக்க அடிமைகளின், தென்னிந்தியக் கூலித் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் தென்னந்தோப்புகளில் உழைத்துக்கொண்டிருந்தார்கள். 1973-க்குள் கடைசி ஆள்வரை கப்பலேற்றி மொரீஷியஸிலும் செஷல்ஸிலும் இறக்கிவிட்டார்கள். அவர்கள் வளர்த்த நாய்களைக் கொன்றார்கள். விவாதம் நடக்காத இடத்தில் யாருடைய குரல் முதலில் காணாமல் போகும் என்பதற்கு அந்தத் தீவைப் பார்த்தால் போதும்.

லாவோஸ், தாய்லாந்து, எத்தியோப்பியா என்று ரகசிய ஏற்பாடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தபோது செனட் விழித்துக்கொண்டது. நியூ ஜெர்சி செனட்டர் கிளிஃபோர்ட் கேஸ் பெயரால் 1972-ல் ஒரு சட்டம் வந்தது. அதிபர் எந்த உடன்பாடு செய்தாலும் 60 நாளுக்குள் காங்கிரஸுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. தெரிவித்தால் போதும், கேட்கவேண்டியதில்லை. பெரிய கதவுக்காரர்களுக்கு மிஞ்சியது தபால்தலை ஒட்டிய ஒரு தகவல். ஆனாலும் ஒரு ஆறுதல் இருந்தது. பெரிய கதவு வழியே முறையாக வந்த ஒப்பந்தங்களாவது பத்திரமாக இருக்கும் அல்லவா?

1978 டிசம்பர் 15 இரவு அந்த ஆறுதலும் போயிற்று. செஞ்சீனத்தை அங்கீகரிப்பதாக அதிபர் கார்ட்டர் தொலைக்காட்சியில் அறிவித்தார். தைவானோடு 1954-ல் போட்டு, செனட் முறைப்படி ஒப்பிய பாதுகாப்பு ஒப்பந்தத்துக்கு ஒரு வருட நோட்டீஸ் தானே கொடுத்தார். செனட்டர் பேரி கோல்ட்வாட்டர் நீதிமன்றம் ஓடினார். கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார், மேல்முறையீட்டில் தோற்றார். 1979 டிசம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. இது அரசியல் விவகாரம், நாங்கள் தலையிட மாட்டோம் என்பது நான்கு நீதிபதிகளின் கருத்து. ஃபிலடெல்ஃபியாவின் பழைய மௌனம் இப்போது பேசிவிட்டது: சேர்வதற்கு மூன்றில் இரண்டு பங்குப் பேர் வேண்டும், பிரிவதற்கு ஒருவர் போதும்.

அதிபர்கள் மாறினால் வாக்கும் மாறும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. 1981 ஜனவரி 19-ல், பதவிக் காலத்தின் கடைசி முழு நாளில், அல்ஜீரியாவின் மத்தியஸ்தத்தில் கார்ட்டர் ஈரானோடு உடன்பாடு செய்தார். 444 நாள் பிணைக் கைதிகளாக இருந்த 52 பேர் மறுநாள் ரீகன் உறுதிமொழி எடுத்த சில நிமிடங்களில் விடுதலையானார்கள். கார்ட்டரைக் கடுமையாகத் தாக்கித் தேர்தலில் ஜெயித்தவர் ரீகன். அந்த உடன்பாட்டைக் கிழித்துப் போட அவருக்குக் காரணங்கள் இருந்தன. கிழிக்கவில்லை. ஆராய்ந்து பார்த்து, நாட்டின் வாக்கு என்று மதித்து நிறைவேற்றினார். அதை எதிர்த்து வழக்குப் போட்டவர்களையும் உச்ச நீதிமன்றம் அனுப்பிவைத்தது. காகிதம் லேசானதுதான்; அடுத்து வருபவரின் நாணயம் அதற்குக் கனம் கொடுத்தது. நாணயத்தை மட்டும் நம்பி நிற்கும் வீடு எத்தனை தேர்தலுக்குத் தாங்கும்?

1997-ல் கில்கோரின் நாற்காலி மறுபடி மேடைக்கு வந்தது. அதில் 1959-லிருந்து உட்கார்ந்திருந்தவர் ராபர்ட் பேர்ட். மேற்கு வர்ஜீனியா நிலக்கரி மாநிலம். கியோட்டோவில் பருவநிலைப் பேச்சு தொடங்குவதற்கு முன்பே, வளரும் நாடுகளுக்குக் கட்டுப்பாடு இல்லாத எந்த ஒப்பந்தமும் வேண்டாம் என்று அவர் கொண்டுவந்த தீர்மானம் ஜூலை 25-ல் வாக்குக்கு வந்தது. 95-க்கு 0. கிளின்டன் அரசு கியோட்டோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. செனட்டுக்கு அனுப்பத் துணியவில்லை. 2001-ல் புஷ் அதை ஒதுக்கித் தள்ளினார். பருவநிலை விஷயத்தில் பெரிய கதவு சுவராகவே மாறிவிட்டது என்பதை அதிகாரிகள் மனதில் குறித்துக்கொண்டார்கள். அந்தக் குறிப்பு 2015-ல் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லின் மேல் போய் விழுந்தது.

டிசம்பர் 12, பாரிஸுக்கு வெளியே லெ பூர்ஷே. இரண்டு வாரம் தூங்காமல் பேசி, கிட்டத்தட்ட எல்லா உலக நாடுகளும் ஒப்பவேண்டிய பருவநிலை உடன்பாட்டின் இறுதி வரைவு கைக்கு வந்தது. அமெரிக்க வழக்கறிஞர்கள் படித்துக்கொண்டே வந்து நான்காம் பிரிவின் நான்காவது பத்தியில் திடுக்கிட்டு நின்றார்கள். பணக்கார நாடுகள் புகையளவைக் குறைப்பதைச் சொல்லும் இடத்தில் ‘ஷுட்’ இருக்கவேண்டும். ‘ஷல்’ என்று அச்சாகியிருந்தது. ‘ஷுட்’ என்றால் செய்வது தகும். ‘ஷல்’ என்றால் செய்தாக வேண்டும். செய்தாக வேண்டும் என்றால் சட்டக் கடமை. சட்டக் கடமை என்றால் செனட். ஒபாமாவுக்கு அங்கே 67 வாக்கு கனவிலும் கிடையாது. இதை ஏற்க முடியாது என்று வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி பிரெஞ்சு அமைச்சர் ஃபாபியுஸிடம் சொல்லிவிட்டார். மண்டபத்தில் ஆயிரக்கணக்கானோர் காரணம் தெரியாமல் காத்திருந்தார்கள். கடைசியில் ஓர் அதிகாரி அச்சுப் பிழைகளின் பட்டியலை வேகமாக வாசித்தார். அந்தப் பட்டியலுக்குள் ‘ஷல்’ என்பது ‘ஷுட்’ ஆகிவிட்டது. ஃபாபியுஸ் சுத்தியலைத் தட்டினார். கரவொலி. உலகத்தின் புகையைக் குறைக்கும் திட்டத்தையே செனட்டின் வாசலுக்குப் போகாத அளவில் வெட்டித் தைத்திருந்தார்கள்.

அதே வருடம் இன்னொரு காகிதமும் தயாராகிக்கொண்டிருந்தது. ஈரான் அணுத்திட்டப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, மார்ச் 9-ல் 47 குடியரசுக் கட்சி செனட்டர்கள் ஈரான் தலைவர்களுக்கே ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள். செனட் ஒப்பாத இந்த ஏற்பாட்டை அடுத்த அதிபர் பேனாவின் ஒரு கோட்டில் ரத்து செய்துவிட முடியும் என்பது அதன் செய்தி. தபால் பையாகத் தொடங்கி, ஏரிக் கப்பலாகி, சுங்கச் சாவடியாகி, 50 நாசகாரிகளாக வளர்ந்த அந்தக் காகிதத்தின் சட்டப் பெயரை அவர்கள் அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள்: ‘எக்ஸிக்யூட்டிவ் அக்ரிமென்ட்’. தமிழில் நிர்வாக உடன்பாடு எனலாம். ஜூலை 14-ல் வியன்னாவில் முடிந்தது அதைவிடவும் லேசானது. அதில் யாரும் கையெழுத்தே போடவில்லை. அரசியல் வாக்குறுதி மட்டுமே என்றது அமெரிக்க வெளியுறவுத் துறை.

அதன்பின் நடந்ததைச் சொல்லத் தேதிகளே போதும். பாரிஸ் உடன்பாட்டில் அமெரிக்கா சேர்வதாக 2016 செப்டம்பர் 3-ல், ரூஸ்வெல்ட்டின் ரயில் அறிவிப்புக்கு 76 வருடம் முடிந்த அதே நாளில், சீனாவின் ஹாங்சோவில் ஒபாமா பத்திரம் கொடுத்தார். நவம்பர் 4-ல் உடன்பாடு நடைமுறைக்கு வந்தது. நான்காம் நாள் டிரம்ப் ஜெயித்தார். 2017 ஜூன் 1-ல் விலகல் அறிவிப்பு. உடன்பாட்டிலேயே இருந்த கெடுக்களின்படி விலகல் நிறைவேறிய நாள் 2020 நவம்பர் 4, அடுத்த தேர்தலின் மறுநாள். அந்தத் தேர்தலில் ஜெயித்த பைடன் 2021 ஜனவரி 20-ல், பதவியேற்ற அன்றே திரும்பச் சேரக் கடிதம் அனுப்பினார். முப்பது நாளில் அமெரிக்கா உள்ளே.

ஈரான் விஷயம் அப்படித் திரும்பவில்லை. 2018 மே 8-ல் டிரம்ப் விலகினார். ஈரான் நிபந்தனைகளை மீறவில்லை என்று சர்வதேச அணுசக்தி முகமை திரும்பத் திரும்பச் சொல்லிவந்த சமயம் அது. தடைகள் திரும்பின, எண்ணெய் ஏற்றுமதி சரிந்தது, அந்தச் சுமை சாதாரண ஈரானியர் வீட்டு அடுப்பில் இறங்கியது. ஒரு வருடம் பொறுத்த ஈரான், 3.67 சதவிகிதத்துக்கு மேல் யுரேனியத்தைச் செறிவூட்டுவதில்லை என்ற வரம்பைத் தாண்டத் தொடங்கி, 2021 ஏப்ரலில் 60 சதவிகிதத்தைத் தொட்டது.

அந்த ஏப்ரலிலேயே பைடனின் ஆட்கள் வியன்னாவுக்கு வந்தார்கள். ஈரான் தரப்பு மற்ற கோரிக்கைகளோடு ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டது: அடுத்த அதிபர் மறுபடி விலகமாட்டார் என்று உத்தரவாதம் கொடுங்கள். எவ்வளவு எளிய கேள்வி! எந்த வீட்டுக் கல்யாணப் பேச்சிலும், எந்த நிலப் பத்திரத்திலும் முதலில் கேட்கும் கேள்வி. அமெரிக்கத் தரப்பிடம் பதில் இல்லை. கொடுக்க மனமில்லாமல் அல்ல. கொடுக்கக்கூடிய உத்தரவாதம் அவர்கள் அரசியல் சட்டத்தில் கிடையாது. செனட்டுக்குப் போனால் வாக்கு இல்லை. போனாலும், தைவான் காட்டியபடி, அடுத்தவர் விலகலாம். பல சுற்றுகள் பேசியும் 2022-ல் பேச்சு நின்றுபோனது. 2025 ஜூன் 22-ல் அமெரிக்கா ஈரானின் அணு மையங்களான ஃபோர்டோ, நதன்ஸ், இஸ்ஃபஹான் மூன்றையும் தாக்கியது. பத்து வருடம் முன்பு கண்காணிப்பாளர்கள் போய்வர வழி பேசிய இடங்கள் அவை.

அதற்கு ஐந்து மாதம் முன்பு, 2025 ஜனவரி 20. வாஷிங்டனில் கடுங்குளிர். பதவியேற்பு விழாவை உள்ளே மாற்றியிருந்தார்கள். ஊர்வலத்துக்கு வந்த கூட்டம் கேபிடல் ஒன் அரங்கில் நிரம்பியிருந்தது. கூடைப்பந்தும் ஐஸ் ஹாக்கியும் ஆடும் இடம். மேடையில் ஒரு சிறு மேசை போட்டிருந்தார்கள். டிரம்ப் உட்கார்ந்தார். உதவியாளர் ஒவ்வொரு காகிதமாக என்னவென்று ஒலிபெருக்கியில் சொல்லி முன்னால் வைத்தார். பாரிஸ் என்ற பெயர் வந்ததும் அரங்கம் அதிர்ந்தது. கையெழுத்து விழுந்தது. அவர் அதைத் தூக்கிக் காட்டினார். முடிவில் எழுந்து, கையெழுத்துப் போட்ட பேனாக்களை ஒவ்வொன்றாகக் கூட்டத்துக்குள் வீசினார். காகிதம் ஜனவரி 27 அன்று நியூயார்க்கில் உள்ள ஐ.நா. தலைமையகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.